ஜனவரி மேடு

ஃபுகுஓகா
3 நவம்பர் 2009

அன்புள்ள இசாமு,

கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்! பிப்ரவரி இதழில் வருகிறது. முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். இனி நிதானமாகப் படியுங்கள்.

போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நம் பேச்சு எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். நல்ல செய்தியில் ஆரம்பித்துப் பத்தாவது நிமிடம் "அன்னிக்கு நீ என்ன சொன்னே" என்று முடியும். கடிதத்தில் நான் கத்தினால் உங்களுக்குக் கேட்பதற்கு மூன்று நாள் ஆகிறது, அதற்குள் எனக்கே மறந்துவிடுகிறது. அதனால் கடிதமே இருக்கட்டும்.

எங்கள் பேராசிரியர், ஹொரியுச்சி சென்செய், என் மேசைக்கே வந்து சொன்னார். "ரிட்சுகோ, பிப்ரவரியில நிரந்தர வேலை நேர்காணலுக்கு இது ஒண்ணு போதும்மா. வேற எதுவும் பேச வேண்டாம், இதை மட்டும் மேசையில வெச்சிட்டு உக்காரு" என்றார். அவர் மனிதர்களைப் பாராட்டி நான் கேட்டதே இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

உங்கள் அம்மாவுக்கு மட்டும் போன் செய்தேன். அத்தை விடவில்லை. "அப்படி என்னதான் எழுதியிருக்கே, எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றார். நான் சொன்னேன்: "காத்து அறுநூறு கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரு மாடி வீடுன்னு வெச்சுக்கோங்க அத்தை. மொட்டை மாடியில வெயில் அடிக்குது. கீழ் வீட்ல சமையல் நடக்குது, அந்தச் சூடும் மேல ஏறுது. மேல் மாடி ஜனவரியில உப்பிக்குது, ஜூலையில சுருங்கிக்குது. ஏன்னு கேட்டா, பெரும்பங்கு வெயில்தான்னு எல்லாரும் சொல்லிட்டிருந்தாங்க. இல்ல, கீழ் வீட்டுச் சமையல்தான்னு நான் காட்டியிருக்கேன்."

அத்தை சிரித்துவிட்டார். "இதுக்கா மூணு வருஷம்? எங்க மாடி வீட்டுக்காரிய கேட்டிருந்தா ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பாளே" என்றார்.

மூன்று வருடம் என்றதும்தான் எனக்கும் உறைத்தது. நீங்கள் மலை மேல் அந்தச் சூரிய நிலையத்துக்குப் போயும் மூன்று வருடம். எனக்கு நிரந்தர வேலை கிடைத்தால் மலையை விட்டு இறங்கிவிடுவதாக நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. கிடைக்காவிட்டால் என் ஒப்பந்தம் மார்ச்சோடு சரி; அப்புறம் எந்த ஊர், யார் கூப்பிடுவார்கள், ஒன்றும் தெரியாது. அதை இப்போது நினைக்க மாட்டேன். கிடைக்கும். நாம் ஒரே வீட்டில் இருப்போம். நீங்கள் குறட்டை விடுவீர்கள், நான் உதைப்பேன்.

உங்கள்
ரிட்சுகோ


நகானோ, மலை நிலையம்
9 நவம்பர்

என் ரிட்சு,

உன் கடிதத்தை ஆண்டெனாவின் கீழே நின்றுகொண்டே படித்தேன். படித்து முடித்ததும் என்ன செய்தேன் என்று எழுத மாட்டேன், நாற்பத்திரண்டு வயது ஆள் செய்யக்கூடியது அல்ல அது. எங்களுக்குச் சமைக்கும் ஷினோ அக்கா சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். "என்ன இசாமு, குளவி கொட்டிடுச்சா?" என்றார். "என் பெண்டாட்டி ஜெயிச்சுட்டா அக்கா" என்றேன். "அப்ப இன்னிக்கு ரெண்டு முட்டை" என்றார்.

இங்கே சூரியன் சும்மா கிடக்கிறது. ஒன்பது நாளாக முகத்தில் ஒரு புள்ளி இல்லை. நடுப்பகலில் அதன் ரேடியோ இரைச்சலை அளந்து, நேற்று எழுதிய எண்ணையே இன்றும் எழுதுகிறேன். புதிதாக வந்த பையன்கள் கொட்டாவி விடுகிறார்கள். எனக்கு மட்டும் இது பிடித்திருக்கிறது. பெரிய ஆட்டம் போட்ட ஒருவர் மதியம் படுத்துத் தூங்குவதைப் பார்ப்பது போல இருக்கிறது.

உனக்குக் கொடுத்த எட்டு வருடச் சூரிய அட்டவணை நினைவிருக்கிறதா? எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து துடைத்தேன்! மின்னல் விழுந்த நாட்கள், பனி மூடிய நாட்கள், எல்லாவற்றையும் சரிசெய்து, சூரியன் மட்டும் மிஞ்சும்படி பளபளவென்று ஆக்கிக் கொடுத்தேன். அது ஒரு கட்டுரைக்குள் போயிருக்கிறது என்பதில் எனக்கு என்ன பெருமை தெரியுமா? உடனே ஒரு பிரதி அனுப்பு. எழுத்துக் கூட்டியாவது படிக்கிறேன்.

இசாமு


ஃபுகுஓகா
18 நவம்பர்

அன்புள்ள இசாமு,

பிரதி இணைத்திருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. "கணவருக்கு" என்று எழுத முடியாது, "நிலையத்தின் இசாமு மினோவாவுக்கு" என்றுதான் எழுத வேண்டும். எழுதும்போது யாரோ அயலாருக்கு எழுதுவது போலச் சிரிப்பு வந்தது.

எங்கே கவனிக்க வேண்டும் என்று சொல்கிறேன். பழைய செயற்கைக்கோள்கள் காற்றில் உரசி மெல்ல இறங்குகின்றன அல்லவா, அதை வைத்து உச்சியில் காற்று எவ்வளவு அடர்த்தி என்று அளந்திருக்கிறார்கள். தரையிலிருந்து உச்சி வரை போட்ட என் கணினி மாடலில் உங்கள் சூரியனைக் கொடுத்து ஓட்டினால், ஜனவரியில் காற்று அளந்ததைவிடக் குறைவாக வந்தது, ஜூலையில் அதிகமாக வந்தது. ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் கீழேயிருந்து மேலே ஏறும் அலைகளை, மழைமேகத்திலும் மலைமுகட்டிலும் கிளம்பும் அந்த அலைகளை, ஜனவரியில் கொஞ்சம் பலப்படுத்தினேன். டக்கென்று பொருந்திவிட்டது. ஐந்தாவது படத்தைப் பாருங்கள். இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். அன்று நான் அறையைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நிலையத்தில் இப்போதைக்கு வாயைத் திறக்காதீர்கள். பிப்ரவரி முடியட்டும். கண்பட்டுவிடும் என்று உங்கள் அம்மா சொல்கிறார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனாலும் திறக்காதீர்கள்.

படித்துவிட்டு உடனே எழுதுங்கள். பாராட்டி எழுதுங்கள். குறை இருந்தால் அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்ளலாம்.

ரிட்சுகோ


நகானோ
1 டிசம்பர்

ரிட்சு,

பதில் தாமதமாகிவிட்டது. சளி பிடித்திருந்தது. இப்போது பரவாயில்லை.

முதல் பனி விழுந்துவிட்டது. ஷினோ அக்கா வீட்டில் கீரை ஊறுகாய் போட்டார்கள். ஆறு பேர் சேர்ந்து ஒரு மலை கீரையைக் கழுவினோம். ஓடையில் தண்ணீர் விரலை வெட்டுகிறது. உப்பு போடுவதில் அவருக்கும் அவர் நாத்தனாருக்கும் பெரிய தகராறு. ஒருவர் போன பிறகு இன்னொருவர் வந்து ஒரு கைப்பிடி சேர்த்துவிட்டுப் போகிறார். எங்கள் எல்லாருக்கும் ரத்தக் கொதிப்பு வரப்போகிறது. பீப்பாயின் மேல் வைக்க ஒரு கல் வேண்டும் என்று மூன்று பேர் ஓடைக்குப் போய் நாலு கல் கொண்டுவந்தோம், நாலும் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். கல்லில் என்ன சரி, என்ன தப்பு?

கட்டுரை வந்தது. படித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று கேட்க வேண்டும், சும்மாதான். பூமி ஜனவரியில் சூரியனுக்குக் கொஞ்சம் கிட்டேயும் ஜூலையில் கொஞ்சம் தள்ளியும் இருக்கிறதே, அந்தத் தூரக் கணக்கை உன் மாடல் தனியாகப் போட்டுக்கொள்கிறதா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

இசாமு


ஃபுகுஓகா
7 டிசம்பர்

திரு. மினோவா அவர்களுக்கு,

ஊறுகாய்க் கல்லைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மிக்க நன்றி. மூன்று வருடம் நான் செய்த வேலையைப் பற்றி "படித்துக்கொண்டிருக்கிறேன்". பதினாலு பக்கம் அது, இசாமு! நீங்கள் துப்பறியும் கதையைக் குளியல் தொட்டியிலேயே முடிக்கிற ஆள்.

என்ன விஷயம்? பிடிக்கவில்லையா? பிடிக்கவில்லை என்றால் சொல்லுங்கள், நான் என்ன உடைந்தா போவேன்? இல்லை, இறங்கி வர மனம் இல்லையா? அந்த ஆண்டெனாவையும் ஷினோ அக்கா சமையலையும் விட்டு வர மனம் இல்லாமல், என் கட்டுரையைப் பார்த்ததும் கதவு திறந்துவிட்டதே என்று பயமா? அப்படியென்றாலும் சொல்லுங்கள். மூன்று வருடம் தனியாக இருந்து பழகியவர்களுக்கு இப்படியும் ஆகும் என்று எங்கள் அலுவலகத்தில் ஒருத்தி சொல்லிக்கொண்டே இருக்கிறாள். நான் அவளைத் திட்டி அனுப்பினேன்.

உங்கள் கேள்விக்குப் பதில்: தனியாகப் போடவில்லை. எதற்குப் போட வேண்டும்? பூமியில் உட்கார்ந்து அளக்கிறீர்கள், தூரம் அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. அதற்காகத்தானே உங்கள் அட்டவணையை வாங்கினேன்.

ரிட்சுகோ

சளிக்கு இஞ்சி போட்டுக் குடித்தீர்களா? கோபம் வேறு, இது வேறு.


நகானோ
12 டிசம்பர்

என் ரிட்சு,

இறங்கி வர மனம் இல்லையா என்று கேட்டாய். இனிமேல் மறைப்பது பாவம்.

உன் மூன்றாவது படத்தில் என் சூரியன் இருக்கிறது. எட்டு வருடத்தையும் ஒன்றாகப் போட்டிருப்பதால் பெரிய இறக்கம்தான் கண்ணில் படுகிறது. ஆனால் கடைசி இரண்டு வருடத்தை மட்டும் பார். சூரியன் தூங்கிக்கொண்டிருந்த வருடங்கள். அங்கே ஜனவரிதோறும் ஒரு சின்ன மேடும் ஜூலைதோறும் ஒரு சின்ன பள்ளமும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே நூற்றுக்கு ஏழு வித்தியாசம் வரும். உன் கோடு தட்டையாகப் போகிறது.

அந்த மேட்டை நான்தான் வழித்தெடுத்தேன். நாங்கள் சூரியனைப் பார்க்கிறவர்கள். சூரியன் என்ன செய்கிறது என்பதுதான் எங்களுக்கு வேண்டும், பூமி எங்கே நிற்கிறது என்பது எங்களுக்குத் தொல்லை. அதனால் எப்போதும் ஒரே தூரத்தில் நின்று அளந்தது போல மாற்றிவிடுவோம். இருபது வருடப் பழக்கம், கை தானாகச் செய்கிறது. உனக்கு மிகச் சிறந்ததைக் கொடுக்க வேண்டும் என்று, மாற்றிய எண்களைக் கொடுத்தேன். உனக்கு வேண்டியது மாற்றாத எண்கள். உன் காற்றுக்கு உண்மையில் எவ்வளவு வெயில் பட்டதோ அது.

அட்டவணையின் தலைப்பில் ஒரு வரி இருந்தது: "தூரம் நீக்கப்பட்டது." உன் நிரல் எழுத்துகளைக் கண்டால் நின்றுவிடுகிறது, வெறும் எண்கள் மட்டும் அனுப்புங்கள் என்று நீ கேட்டாய். தலைப்பை வெட்டி அனுப்பினேன்.

நவம்பர் இருபத்தி ஒன்றாம் தேதி படித்தேன். ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. சளி எல்லாம் பொய். மூன்று வாரம் இதைச் சொல்லாமல் ஊறுகாய்க் கதை எழுதியிருக்கிறேன். இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். மூன்றாவதாக, ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடலாமா என்றும் நினைத்தேன், ரிட்சு. பிப்ரவரி போகட்டும், வேலை கையில் வரட்டும், ஒரே வீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உன் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று யோசித்ததும் அது முடியவில்லை.

மாற்றாத எண்களைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். இந்த முறை தலைப்பை வெட்டவில்லை. என்ன செய்வது என்று நான் சொல்ல மாட்டேன், சொல்லும் தகுதியும் எனக்கு இல்லை. மன்னித்துக்கொள்.

இசாமு


புத்தாண்டு அட்டை, புலிப் படம் போட்டது
24 டிசம்பரில் எழுதியது

புத்தாண்டு வாழ்த்துகள். இந்த ஆண்டும் அன்பு வையுங்கள்.

(இது எல்லாருக்கும் அச்சடித்தது. இனி கையால்.) விடுமுறைக்கு வர வேண்டாம் என்று சொன்னதற்கு வருத்தப்படாதீர்கள். உங்களைப் பார்த்தால் அழுதுவிடுவேன், அழுதால் வேலை நடக்காது. மாடல் புது எண்களோடு ஓடிக்கொண்டிருக்கிறது. முடிய இன்னும் பத்து நாள் ஆகும். மோச்சி அரிசி உருண்டையை மெல்லாமல் விழுங்காதீர்கள். — ரி.


ஃபுகுஓகா
9 ஜனவரி 2010

அன்புள்ள இசாமு,

முடிந்துவிட்டது. நீங்கள் சொன்னதுதான்.

ஜனவரி மேட்டைத் திருப்பி வைத்ததும், நான் ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்ட இடைவெளியில் பாதிக்கும் மேல் தானாகவே மூடிக்கொண்டது. அலைகளை நான் பலப்படுத்தியிருக்கவே தேவையில்லை. இப்போது அதே அலைகளோடு ஓட்டினால் ஜனவரியில் காற்று எக்கச்சக்கமாக உப்புகிறது. கீழ் வீட்டுச் சமையல் என்று ஊரெல்லாம் சொன்னேனே, அதில் பெரும்பகுதி நானே ஊற்றிய எண்ணெய். மீதிக் கொஞ்சம் இடைவெளி இன்னும் இருக்கிறது. அது ஏன் என்று எனக்குத் தெரியாது, உலகத்தில் யாருக்கும் தெரியாது.

ஹொரியுச்சி சென்செய்யிடம் திங்கட்கிழமை போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"என் வீட்டுக்காரருக்கு."

"அவர் வெளியில சொல்வாரா?"

"மாட்டார்."

"அப்ப பிப்ரவரி பதினெட்டு, நேர்காணல் முடியற வரைக்கும், உனக்கும் தெரியாதுன்னு வெச்சுக்கோ. மார்ச்ல திருத்தம் அனுப்பு. திருத்தம் எல்லாரும் அனுப்பறதுதான். நான் மூணு அனுப்பியிருக்கேன்."

"எனக்குத் தெரியுமே சென்செய்."

"தெரிஞ்சா என்ன? யாரையும் கொல்லலையே நீ! ரிட்சுகோ, உனக்கு நாப்பத்தி ஒண்ணு. இன்னொரு எடம் இந்த ஊர்ல எப்போ காலியாகும்னு நெனக்கறே?"

அவர் கெட்டவர் இல்லை, இசாமு. எனக்காகத்தான் சொன்னார். நான் வெளியே வந்து நடைபாதையில் அரை மணி நேரம் நின்றேன். அந்த ஐந்தாவது படத்தைத் திரையில் போட்டு, ஐந்து பேர் முன்னால் நின்று, "பாருங்கள் எப்படிப் பொருந்துகிறது" என்று சொல்வதாக நினைத்துப் பார்த்தேன். என்னால் முடியாது. நல்லவள் என்பதற்காக அல்ல. எனக்குப் பொய் சொல்லும்போது காது சிவக்கும், உங்களுக்கே தெரியும்.

அன்று சாயந்திரமே இதழுக்கு எழுதிவிட்டேன். கட்டுரையைத் திரும்பப் பெற்றாயிற்று.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. தூரத்தை வழித்ததற்கு இல்லை. தலைப்பை வெட்டச் சொன்னது நான்; தட்டையான கோட்டை எட்டு மாதம் பார்த்துக்கொண்டிருந்தவளும் நான். அந்த மூன்று வாரத்துக்குத்தான் கோபம். அந்த மூன்று வாரமும் நான் உங்கள் அம்மாவோடு நம் வீட்டுத் திரைச்சீலைக்குத் துணி பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரிட்சுகோ


நகானோ
16 ஜனவரி

என் ரிட்சு,

உன் கடிதத்தை ஷினோ அக்காவுக்குப் படித்துக் காட்டினேன், பெயர்களையும் கணக்குகளையும் விட்டுவிட்டு. "இந்தப் பொண்ணு உனக்கு எப்படி மாட்டினா?" என்றார். எனக்கும் தெரியவில்லை.

பெருமையாக இருக்கிறது என்று எழுதினால் உனக்கு எரிச்சல் வரும். இழப்பு உனக்கு, பெருமை எனக்கா என்று கேட்பாய். இருந்தாலும் எழுதுகிறேன். பெருமையாக இருக்கிறது.

தேர்வுக் குழுவுக்கு நான் ஒரு கடிதம் எழுதட்டுமா? அட்டவணைப் பிழை என்னுடையது, ஆராய்ச்சியாளருக்குச் சம்பந்தமில்லை என்று, நிலையத்தின் முத்திரை போட்டு அனுப்புகிறேன். வேண்டாம் என்பாய். கேட்காமல் இருக்க முடியவில்லை.

அந்த மூன்று வாரத்தைப் பற்றி: நீ கோபப்படுவது நியாயம். என்னிடம் பதில் இருக்கிறது, இப்போது சொன்னால் சாக்குச் சொல்வது போல இருக்கும். நேர்காணல் முடியட்டும்.

சூரியனில் புள்ளிகள் வர ஆரம்பித்துவிட்டன. பையன்களுக்குத் தூக்கம் போய்விட்டது.

இசாமு


ஃபுகுஓகா
24 பிப்ரவரி

அன்புள்ள இசாமு,

கிடைக்கவில்லை.

நேற்று தெரிந்தது. ஓசாகாவிலிருந்து வந்த ஓர் ஆளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கடல் நீரோட்டம் பார்க்கிறவர், நல்லவர் என்கிறார்கள். நல்லவராகவே இருக்கட்டும்.

நேர்காணலில் நடந்ததைச் சொல்கிறேன். உட்கார்ந்ததும் நானே ஆரம்பித்தேன். ஒரு கட்டுரையை எழுதினேன், தப்பு என்று தெரிந்தது, திரும்பப் பெற்றேன், இதோ பழைய படம், இதோ புதுப் படம் என்றேன். ஓரத்தில் இருந்த வயதானவர் ஒருவர், எங்கள் துறையும் இல்லை, தூங்கிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன், திடீரென்று கேட்டார்:

"தப்பைக் கண்டுபிடிச்சது யாரு?"

"என் வீட்டுக்காரர்."

"தப்பு பண்ணினது?"

"ரெண்டு பேரும்."

"வீட்ல சண்டை வரலையா?"

"ஒரே வீடா இருந்தா வந்திருக்கும் சார். அவர் நகானோல இருக்கார்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே எனக்குத் தெரிந்துவிட்டது, இவர்கள் என்னை விரும்புகிறார்கள், வேலையை வேறு ஒருவருக்குத்தான் கொடுப்பார்கள் என்று. வெளியே வந்து ஹொரியுச்சி சென்செய் என்னோடு மின்தூக்கி வரை நடந்தார். "உண்மையைச் சொல்லலாம்மா, அதுக்காக முதல் நிமிஷத்துலயேவா?" என்றார். பிறகு, "எனக்கு அந்தத் தைரியம் இருந்ததில்ல" என்று மின்தூக்கிக் கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். வேலைக்காக இல்லை. ஒரு பெரிய சட்டியை வாங்கி வைத்திருந்தேன், இரண்டு பேருக்கு நாபே குழம்பு கொதிக்க வைக்கும் அளவு. அதைப் பார்த்துத்தான் அழுதேன்.

சரி. இப்போது நிதானமாகச் சொல்கிறேன், கேளுங்கள். எனக்கு நிரந்தர வேலை கிடைத்தால் இறங்கி வருவதாகச் சொன்னீர்கள். கிடைக்கவில்லை. அதனால் அந்த வார்த்தைக்கு நீங்கள் கட்டுப்பட வேண்டாம். நீங்கள் மலையிலேயே இருங்கள். ஒருவருக்காவது வேலை இருக்க வேண்டும். சப்போரோவில் ஒரு வருடத்துக்கு ஆள் தேடுகிறார்கள், கேட்டுப் பார்க்கப்போகிறேன். கடிதம் அங்கிருந்தும் வரும், இரண்டு நாள் கூட ஆகும், அவ்வளவுதான்.

கோபம் எல்லாம் போய்விட்டது. உங்களைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

ரிட்சுகோ


நகானோ
1 மார்ச்

என் ரிட்சு,

நான் இருக்க முடியாது.

அடுத்த ஆண்டு யார் இருக்கிறார்கள், யார் போகிறார்கள் என்று நிலையத்தில் நவம்பர் பதினைந்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு மாற்ற முடியாது, என் இடத்துக்கு ஆள் எடுத்துவிடுவார்கள். உன் முதல் கடிதம் வந்ததல்லவா, கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று? அதற்குப் பதில் எழுதி மூன்று நாள் கழித்து, நவம்பர் பன்னிரண்டாம் தேதி, தலைவர் அறைக்குப் போய் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டேன். வாயைத் திறக்காதீர்கள் என்று நீ எழுதிய கடிதம் வந்தபோது திறந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. பிப்ரவரியில் உன் காதில் போட்டுச் சிரிக்கலாம் என்று வைத்திருந்தேன்.

தலைவர் கேட்டார்: "வேற எடம் கெடச்சிருக்கா?"

"இல்ல சார்."

"அப்புறம் எதுக்குய்யா?"

"வீட்டுக்குப் போறேன்."

டிசம்பரில் அவரிடம் போய்த் திருப்பிக் கேட்டுப் பார்த்தேன். புது ஆளுக்கு அறை கூட ஒதுக்கிவிட்டார்கள். மார்ச் முப்பதோடு எனக்கு இங்கே வேலை இல்லை. சமையலறையில் காய் நறுக்க வேண்டுமானால் வைத்துக்கொள்வதாக ஷினோ அக்கா சொல்கிறார்.

உன் மேல் பாரத்தை ஏற்றுகிறேன் என்று தெரியும். சப்போரோ என்றால் சப்போரோ, நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருகிறேன். வேண்டாம், தனியாகப் போகிறேன் என்றால் அதையும் சொல்லு. எதுவானாலும் முப்பத்தொன்றாம் தேதி நாகோயா வழியாக உன் ஊர் ஹகாட்டா நிலையத்துக்கு வந்து சேர்கிறேன். மாலை ஐந்தரை மணிக்கு வரும் வண்டி.

இசாமு


ஃபுகுஓகா
6 மார்ச்

அன்புள்ள இசாமு,

முட்டாள். முட்டாள். முட்டாள். மூன்று முறை எழுதியிருக்கிறேன், எண்ணிக்கொள்ளுங்கள்.

வேலையை எழுதிக் கொடுப்பதற்கு முன் பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா? சிரிக்கலாம் என்று வைத்திருந்தீர்களாமே! எங்கே, சிரியுங்கள்.

உங்கள் கடிதத்தை மாடிப்படியிலேயே உட்கார்ந்து படித்தேன். திட்டுவதற்கு வார்த்தை தேடிக்கொண்டே தேதிகளைக் கூட்டிப் பார்த்தேன். நவம்பர் பன்னிரண்டில் வேலையை விட்டீர்கள். இருபத்தி ஒன்றில் தப்பைக் கண்டுபிடித்தீர்கள். அப்படியென்றால் அந்த மூன்று வாரம் நீங்கள் ஊறுகாய்க் கதை எழுதிக்கொண்டிருந்தபோது, சொன்னால் என் வேலையும் போகும், உங்கள் வேலை ஏற்கெனவே போய்விட்டது, சொல்லாவிட்டால் இரண்டு பேரும் ஒரே வீட்டில் நிம்மதியாக இருக்கலாம் என்று தெரிந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறீர்கள். தெரிந்தும் சொன்னீர்கள். நான் அதற்குப் போய் ஜனவரி முழுக்கக் கோபித்துக்கொண்டேன். மூன்று வாரம் எதற்கு என்று கேட்டேனே, நானாக இருந்தால் மூன்று மாதம் ஆகியிருக்கும். என்னை மன்னித்துவிடுங்கள்.

படியில் உட்கார்ந்து அழுவதைப் பார்த்து வீட்டுச் சொந்தக்காரர் ஓமுரா வந்தார். "என்னம்மா, கெட்ட செய்தியா?" என்றார். "எங்க வீட்டுக்காரருக்கு வேலை போயிடுச்சு" என்றேன். "அடடா. உங்களுக்கு இருக்குல்ல?" என்றார். "எனக்கும் இந்த மாசத்தோட போகுது" என்றேன். மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப ஏம்மா சிரிக்கறீங்க?" என்று கேட்டார். அப்போதுதான் தெரிந்தது, நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்று.

சப்போரோ இன்னும் பதில் சொல்லவில்லை. சொன்னால் இரண்டு பேரும் போவோம். சொல்லாவிட்டால் இங்கேயே இரண்டு பேரும் வேலை தேடுவோம். அந்த மீதி இடைவெளி ஏன் என்று யாருக்கும் தெரியாது என்றேனே, அதை இனி உங்கள் மாற்றாத எண்களை வைத்துக்கொண்டு, ஒரே மேசையில் இரண்டு பேருமாகப் பார்ப்போம். சம்பளம் இல்லாமல் செய்யலாம், யார் தடுப்பது? அத்தையிடம் மட்டும் நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்குத் தைரியம் இல்லை.

முப்பத்தொன்றாம் தேதி ஐந்தரை மணிக்கு நான் ஹகாட்டா நிலைய மேடையில் நிற்பேன். கூட்டமாக இருக்கும். வேலை போன சந்தோஷத்தில் ஒருத்தி தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றால், அது நான்தான்.

உங்கள்
ரிட்சுகோ